முப்பத்தெட்டு டைனும் அதிகப்படியான இரண்டு பூஜ்யங்களும்

டுரியான் துங்கால்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

மதிப்பிற்குரிய தரக்கட்டுப்பாட்டு மேலாளர் திரு. நிவேந்திரன் அவர்களுக்கு, அதாவது என் உடன்பிறந்த தங்கை விஜயராணியின் ஒரே மகனுக்கு, மாமா வடிவேலு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தை கமலவேணியும் சுகம். அங்கே பாச்சாங்கில் நீயும் உன் மனைவியும் பிள்ளையும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி முன்புபோல இல்லை. வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குச் சர்க்கரை ஏழுக்குக் கீழே. கிளினிக்கில் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு ரத்தத்தை இந்த மலாக்கா மாநிலத்தில் நான் பார்த்ததில்லை என்றார். என்றார் என்றால் வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. டுரியான் பழம் இந்த வருடம் கொஞ்சம்தான் விழுகிறது. விழுந்ததில் நல்லதாக நாலு எடுத்து வைத்திருக்கிறேன், உன் அம்மாவிடம் சொல்.

ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் மாமனும் மருமகனும் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நீ நினைக்கலாம். நியாயமான கேள்வி. கைப்பேசியில் நான் அனுப்பும் குரல் பதிவுகளுக்கு நீ கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். போன வாரம் ஒன்பது நிமிடப் பதிவு ஒன்றுக்கு நாலே வினாடியில் கட்டைவிரல் வந்தது. ஒன்பது நிமிடத்தை நாலு வினாடியில் கேட்கும் காது உனக்கு இருந்தால் நல்லதுதான், ஆனால் நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படி இல்லை. நேரில் பேசலாம் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "இங்க வெச்சு மருமகனேன்னு கூப்பிடாதீங்க மாமா, ஆளுங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்று நீ கேட்டுக்கொண்டாய். அதைச் சொல்லும்போதே நீ மாமா என்றதை நான் பெரிதுபடுத்தவில்லை. உன் அறைக்கு வெளியே உள்ள நாற்காலியில் மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று முறையும் நீ மீட்டிங்கில் இருந்தாய். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குஞ்சம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கொடுத்த கடிதத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. அளக்காமலேயே அளந்ததாக எழுதினார் என்பது குற்றச்சாட்டு. உறுதியானால் வேலை போகும். பத்தொன்பது வருட வேலை. வீட்டுக்காரர் சுகுமாரன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டோடு இருப்பது உனக்குத் தெரியும். வேலை போனால்கூட வேறு எங்காவது கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். புக்கிட் ரம்பாயில் இருக்கிற தொழிற்சாலைகளுக்கெல்லாம் இந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் நிற்குமே, அளக்காமல் எழுதுகிறவள் என்று. மருமகனே, குஞ்சம்மா அளந்தார். நாற்பத்தாறு பிலிம் ரோலையும் அளந்தார். அது எப்படி எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போகிற வழியில் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன் என்று கோபப்படாதே. விசாரணையில் உட்காரும் ஆபீஸ்காரர்களுக்கு நீ இதை வாசித்துக் காட்டும்போது அவர்களுக்கும் விளங்க வேண்டும். நம்முடைய பிளாஸ்டிக் பிலிம் இயந்திரத்திலிருந்து வரும்போது மழுமழுவென்று இருக்கும். அதன்மேல் மை ஒட்டாது. கெலாடி, அதாவது சேம்பு இலைமேல் மழைத்தண்ணீர் எப்படி முத்து முத்தாக உருண்டு ஓடுமோ அப்படி ஓடிவிடும். அதனால் மின்பொறி பறக்கும் ஓர் உருளைக்குக் கீழே பிலிமை விட்டு அதன் மேல்பரப்பைக் கொஞ்சம் உசுப்பிவிடுகிறோம். உசுப்பியது போதுமா என்று பார்க்க டைன் பேனா. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது என்று ஒவ்வொரு பேனாவுக்கும் ஓர் எண். பிலிமில் ஒரு கோடு போட வேண்டும். கோடு இரண்டு வினாடி அப்படியே நின்றால் அந்த எண் பாஸ். சுருங்கி முத்தாகக் கூடிக்கொண்டால் பெயில். இதில் படிப்பு தேவையில்லை, கண் தேவை. குஞ்சம்மாவுக்கு அந்தக் கண் இருக்கிறது. கோடு சுருங்கப்போவதைச் சுருங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார். டைன் என்பது ஒரு விசை, பரப்பு தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பலம் என்று நான் ஒருநாள் அவருக்கு விளக்கப் போனேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம், படம் போட்டு. முழுக்கக் கேட்டுவிட்டு, "கோடு நின்னா சரி, கூடிக்கிட்டா சரியில்ல. அதுக்கு மேல எனக்கு எதுக்குண்ணே" என்றார். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால் எங்கள் இரண்டு பேரில் டைனைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார் என்று சந்தேகம் வருகிறது.

இனி என் தகுதியைச் சொல்ல வேண்டும். படிப்பில் நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அளவு மாற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. நாட்டில் காத்தி போய்க் கிலோ வந்த சமயம் நான் தோட்டத்து ரங்கசாமி கடையில் தராசடியில் நின்றேன். ஒரே இரவில் தோட்டமே குழம்பிவிட்டது. நேற்று காத்தி மூன்று வெள்ளிக்கு விற்ற காய்ந்த மிளகாய் இன்று பலகையில் ஐந்து வெள்ளி. ரங்கசாமி கொள்ளையடிக்கிறான் என்று கடை வாசலில் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். இருநூறு என்பது குறைத்துச் சொல்வது. நான் அரிசி மூட்டைமேல் ஏறி நின்று விளக்கினேன். கிலோ என்பது காத்தியைவிடப் பெரியது, ஒரு காத்தி அறுநூறு கிராம்தான், கீழே இருக்கிற அளவு பெரிதானால் மேலே இருக்கிற விலையும் பெரிதாகத்தான் தெரியும், மிளகாய் அதே மிளகாய் என்றேன். கூட்டம் கலைந்தது. மாவட்ட அதிகாரி விஷயம் கேள்விப்பட்டுக் காரில் வந்து எனக்குக் கை கொடுத்தார். வந்தது அவருடைய டிரைவர்தான், மிளகாய் வாங்க வந்தார், இருந்தாலும் கை கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் நின்று என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டவள் உன் அத்தை. அவளுக்குத் தனியாக விளக்கியதில்தான் எங்கள் கல்யாணமே நடந்தது என்பேன். மிளகாயை வேறு கடையில் வாங்கிக்கொண்டேன், கல்யாணம் அப்பா பேசி முடித்தது என்று அவள் சொல்லுவாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு நம் பிலிமை வாங்கும் ஜப்பான்காரர்களிடமிருந்து புது பாரம், அதாவது ரிப்போர்ட் படிவம், வந்தது. நீ பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போயிருந்தாய். ரிப்போர்ட் எழுதும் ஷாமினி பிரசவ விடுப்பில். பழைய பாரத்தில் டைன் என்று ஒரு கட்டம் இருக்கும், குஞ்சம்மா பேனாவில் இருக்கிற எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவார். புது பாரத்தில் அந்தக் கட்டம் இல்லை. நியூட்டன் பர் மீட்டர் என்று ஒரே கட்டம். குஞ்சம்மா குழம்பிப்போய் என்னிடம் வந்து, அண்ணே, இதை நீங்கதான் போட்டுக் கொடுக்கணும், உங்களை விட்டா இங்க யாருக்குத் தெரியும் என்று கெஞ்சினார். நானும் மறுக்க முடியாமல் உட்கார்ந்தேன். ஒரு நியூட்டனில் ஒரு லட்சம் டைன். சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகிறோம், எண் சுருங்க வேண்டும். முப்பத்தெட்டை லட்சத்தால் வகுத்தேன். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் மூன்று தடவை போட்டுச் சரிபார்த்தேன். 0.00038. நாற்பது வந்த ரோலுக்கு 0.00040. நாற்பத்தாறு வரியும் என் கையால், ஒரே சீராக, பூஜ்யம் பூஜ்யமாக எழுதிக் கொடுத்தேன். குஞ்சம்மா பாரத்தைக் கையில் வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இவ்ளோ சின்னதாவா இருக்கும்? எல்லாம் பூஜ்யமா இருக்கே."

ஜப்பான்காரர்களுக்கு எதுவும் சின்னதாக இருந்தால்தான் பிடிக்கும், அவர்கள் ரேடியோவைப் பார்த்ததில்லையா என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, "நீங்க சொன்னா சரிதான்" என்று அளந்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எழுதியவர் என்று அந்தப் பாரத்தில் கட்டமே இல்லை. இதை நான் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, இல்லை என்பதைச் சொல்கிறேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கண்டெய்னர் அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர்களுடைய கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைத் துப்பிவிட்டது. இந்த உலகத்தில் இருக்கிற எந்த பிளாஸ்டிக்குக்கும் இவ்வளவு குறைந்த எண் கிடையாது, உங்கள் ஆள் அளக்காமல் கற்பனையாக எழுதியிருக்கிறார், அந்த ஆள் எங்கள் சரக்கைத் தொடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். இங்கே எடுத்து வைத்திருந்த மாதிரித் துண்டுகளில் நீ பேனா போட்டுப் பார்த்தாய். முப்பத்தெட்டு நிற்கவில்லை, முப்பத்து நாலுதான் நின்றது. நிற்காதுதான். உசுப்பிவிட்ட பிலிம் நாளாக நாளாகப் பழையபடி மந்தமாகும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். ஆனால் அன்றைக்கு உனக்குக் கோபம் முன்னால் நின்றது, பாடம் பின்னால் போய்விட்டது. எல்லோரையும் கூட்டி வைத்து, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டாய். உன் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. குஞ்சம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன். அதில் ஓர் இறக்கை கொஞ்சம் வளைந்திருக்கிறது, பராமரிப்புக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது குஞ்சம்மா, "கையெழுத்து என்னுது சார்" என்றார். அது உண்மை. நீ கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனால் உண்மை. நீயும் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அன்றைக்கு என் கணக்கு சரி என்றுதான் நான் நம்பினேன். ஜப்பான்காரர்களுக்குப் பூஜ்யம் எண்ணத் தெரியவில்லை என்றே நினைத்தேன். தன் கணக்கு சரி என்று நம்புகிறவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்டால், அதே கேள்வியை நான் என்னிடம் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அரிசி மூட்டைமேல் ஏறிய ஆள் நான். அன்றைக்கு ஏறவில்லை. எங்கேயோ உள்ளுக்குள் ஒரு கோடு சுருங்க ஆரம்பித்துவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை குஞ்சம்மாவுக்குக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கைப்பேசியில் தேடினேன். பரப்பு இழுவிசையை ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற்றித் தரும் பக்கம் ஒன்று இருக்கிறது, மருமகனே, எத்தனை அளவுகள் என்கிறாய். டைனும் சென்டிமீட்டரும், நியூட்டனும் மீட்டரும், மில்லிநியூட்டன், எர்க், கிராம், பவுண்டல், அங்குலம் என்று பெட்டி பெட்டியாக. டைன் பெட்டியில் முப்பத்தெட்டு என்று போட்டேன். மில்லிநியூட்டன் பெட்டியில் அதே முப்பத்தெட்டு வந்தது. எர்க் பெட்டியிலும் முப்பத்தெட்டு. பவுண்டலில் ஏறக்குறைய 0.007. நியூட்டன் பெட்டியில் 0.038. என்னுடையதைவிட இரண்டு பூஜ்யம் குறைவு. உடனே அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு, உங்கள் கணக்கு தவறு, உடனே திருத்தவும், இப்படிக்கு அனுபவசாலி என்று ஒரு புகார் அனுப்பினேன். வேறு ஒரு பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் 0.038. அவர்களுக்கும் ஒரு புகார். மூன்றாவது பக்கத்துக்குப் போகும்போது புகார் எழுதக் கை வரவில்லை.

உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவள். என்ன முனகிக்கிட்டே இருக்கீங்க என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். இணையத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்றேன். அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"டைன்னு சொல்றீங்களே, அது எதுக்கு அவ்ளோ? காத்திக்கு மூணு வெள்ளிங்கற மாதிரி, டைன் எதுக்கு?"

"டைன் டைன்தான்" என்றேன். நம் தொழிற்சாலையில் யாரும் அதற்குமேல் சொல்வதில்லை, நீயும் சேர்த்துத்தான். முப்பத்தெட்டு டைன் வந்துச்சா என்றுதானே கேட்கிறோம். இருபது வருடமாகப் பேசிப் பேசி அதன் அடிப்பாதியை வாயிலேயே தேய்த்துவிட்டோம். பிறகு யோசித்து, "ஒரு சென்டிமீட்டருக்கு" என்றேன்.

"நியூட்டன்?"

"அது ஒரு மீட்டருக்கு."

"அப்ப ஒரு மீட்டர்ல இருக்கற நூறு சென்டிமீட்டரும் இழுக்காதா? ஒண்ணு மட்டும் இழுத்துட்டு மத்ததெல்லாம் சும்மா நிக்குமா? கீழ இருக்கறது பெருசானா மேல இருக்கறதும் பெருசாகும்னு அன்னைக்குக் கடையில என்னை நிக்க வெச்சுப் பாடம் எடுத்தீங்களே. அந்த மனுஷன் எங்க போனாரு?"

நான் மேல்பாதியை மாற்றினேன், கீழ்ப்பாதியை மாற்ற மறந்தேன். டைனை நியூட்டன் ஆக்கினேன், சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிட்டேன். லட்சத்தால் வகுத்து நூறால் பெருக்கியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் நான் விளக்கிய அதே விஷயம். பிலிமைப் பற்றி யோசித்துப் பார்த்தால் அதற்கு இந்த எண் எதுவும் தெரியாது. அது ஒரே பலத்தில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது; முப்பத்தெட்டு என்று எழுதினாலும், 0.038 என்று எழுதினாலும், பவுண்டலில் எழுதினாலும் அதற்கு ஒரு குறைவும் இல்லை. எழுதுகிறவன் தப்பாக எழுதினால்தான் யாரோ ஒரு மனுஷிக்குக் குறைகிறது. அத்தை நெத்திலித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டாள். சொன்னேன். அன்று சாயங்காலம் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, "குஞ்சம்மாவை நான் சனிக்கிழமை பாசார்ல பார்ப்பேன். பார்த்தா என்னன்னு பேசறது?" என்றாள்.

இப்போது உனக்கு ஓர் ஆதாரம் தருகிறேன். விசாரணைக்கு முன்னால் அந்தப் பாரத்தை எடுத்து வை. நாற்பத்தாறு வரியில் ஒவ்வொன்றையும் நூறால் பெருக்கு. 0.038, 0.038, 0.040, 0.038 என்று வரிசையாக வரும். அந்த வாரம் இயந்திரத்தில் பதிவான மின்சார அளவோடு ஒப்பிட்டுப் பார். நாற்பது வந்த ரோல்களுக்கெல்லாம் மின்சாரம் கூட்டி வைத்திருப்பது தெரியும். கற்பனையாக எழுதுகிறவர் மனதுக்கு வந்ததை எழுதுவார். நாற்பத்தாறு முறையும் சரியாக நூறு மடங்கு குறைத்து எழுதமாட்டார். இவ்வளவு ஒழுங்கான தப்பு பொய்யில் வராது, கணக்கில்தான் வரும். பட்டம் வாங்கிய நீயும் அந்த எண்ணைப் பார்த்தாய், நூறால் பெருக்கிப் பார்க்க உனக்கும் தோன்றவில்லை. இதைக் குத்திக் காட்டவில்லை. ஆளைப் பற்றி முதலில் முடிவு செய்துவிட்டால் எண்ணைப் பார்க்கத் தோன்றாது என்று எனக்கே இப்போதுதான் விளங்குகிறது. எழுத்தையும் பார்த்துக்கொள். நான் எட்டு எழுதினால் இரண்டு வட்டத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவேன். குஞ்சம்மா ஒரே இழுப்பில் எழுதுவார்.

கடைசியாக மாமாவின் யோசனை. இதை நாம் அமைதியாக முடித்துவிடலாம். ஜப்பான்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் தசமப் புள்ளி நகர்ந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பு. கம்ப்யூட்டர் என்றால் எவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். குஞ்சம்மாவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள். விசாரணை ரத்து. யார் எழுதினார்கள் என்பது வெளியே போக வேண்டாம். உன் சிபாரிசில் உள்ளே வந்த ஆள் நான், என் பெயர் அடிபட்டால் உன் பெயரும் சேர்ந்து அடிபடும், நவம்பரில் என் கான்ட்ராக்டும் முடிகிறது. குஞ்சம்மாவிடமும் சொல்ல வேண்டியதில்லை. வேலை தங்கினால் அவருக்கு அது போதும், பெருந்தன்மையான பெண். எல்லோருக்கும் நல்லதாக முடியும் வழி இது என்று இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் பிள்ளைக்கு என் முத்தம். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உன் அம்மாவின் ரத்தக் கொதிப்பு இறங்கவும், உன் கோபமும் அதோடு சேர்ந்து கொஞ்சம் இறங்கவும், நீ வருங்காலத்தில் இந்தத் தொழிற்சாலைக்கே தலைவனாகவும் சன்னாசிமலையான் துணை இருக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும் தாய்மாமன்,
வடிவேலு.

பின்குறிப்பு, புதன்கிழமை மாலை:

இந்தக் கடிதத்தை உன் வீட்டில் சேர்க்கப் புறப்பட்டவன், அத்தை வண்டியில் ஏறி உட்கார்ந்து புக்கிட் ரம்பாய் வழியாகப் போகச் சொன்னதால் முதலில் குஞ்சம்மா வீட்டுக்குப் போனேன். அவர் பெயர் வருகிற கடிதம், அவர் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றாள் அத்தை. குஞ்சம்மா வாசலில் நின்றபடியே ஆறு தாளையும் படித்தார். சுகுமாரன் கட்டிலிலிருந்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படித்து முடித்து இரண்டு திருத்தம் சொன்னார்.

"நான் எங்கண்ணே கெஞ்சினேன்? ஷாமினிக்குப் போன் பண்ணிக் கேட்கலாம்னுதான் சொன்னேன். நீங்கதான் கையில இருந்து பாரத்தைப் புடுங்குனீங்க."

அது சரிதான். இரண்டாவது, மின்விசிறி.

"மீட்டிங்ல நீங்க எங்க நின்னீங்க? நான் திரும்பிப் பார்த்தப்ப கதவு மட்டும்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு."

அதுவும் சரிதான். இறக்கை வளைந்த மின்விசிறி கேன்டீனில் இருக்கிறது.

நான் எழுதினேன் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னையாவது கூப்பிட்டு விசாரிப்பார்கள், உங்களை மாதிரி கான்ட்ராக்ட் ஆளை ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் லா அண்ணே, அதான் நீங்களாக வந்து சொல்கிறவரை இருந்து பார்க்கலாம் என்று இருந்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பிறகு கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்து, "இதை அவர் படிச்சுட்டு உள்ள வெச்சுப் பூட்டிட்டா? என்னைப் பொய்க்காரின்னு எல்லார் முன்னாலயும்தானே சொன்னாங்க" என்றார்.

ஆகவே மருமகனே, மேலே உள்ள யோசனையை விட்டுவிடு. மின்னஞ்சல் வேண்டாம், கம்ப்யூட்டர்மேல் பழி வேண்டாம், விசாரணையை ரத்து செய்யவும் வேண்டாம். நாளை காலை பத்து மணிக்கு நானும் வருகிறேன். என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரியும், கதவைத் தட்டிவிட்டு வருகிறேன். நீ கான்ட்ராக்டை முடித்தால் முடித்துக்கொள், உன் அம்மா முகத்துக்காகப் பார்க்காதே. சொல்லப்போவதை அவர்கள் வாசலிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டினேன். தராசில் ஆரம்பித்து நியூட்டன் வரை அருமையாக வந்தது, சுகுமாரன்கூட உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். குஞ்சம்மா இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார், அத்தையும் அவரோடு சேர்ந்துகொண்டாள், கடைசியில் ஏழே வார்த்தைதான் மிச்சம் நின்றது. வண்டியில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எட்டாவது வார்த்தை ஒன்று சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன், சேர்க்கவில்லை:

அளந்தது அவங்க. சரியாதான் அளந்தாங்க. தப்பா எழுதினது நான்.